எட்டாவது ஞாயிறு கண்ட மிருகம்

அகஸ்ரீனா அதைக் கண்டது எட்டாவது ஞாயிறு, மலைப்பாதையின் மூன்றாவது முடக்கில். ஜூன் மாதம், காலை ஆறரை மணி. நல்ல வெளிச்சம்.

அவள் கத்தவில்லை. வாய்கட்டி ஏறிக்கொண்டிருந்தாள்.

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், நகரத்தின் வடக்கே மொந்தே பெல்லெக்ரீனோ என்றொரு மலை. மேலே ஒரு குகை. அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் நகரத்தின் காவல் புனிதை சாந்தா றொசாலியா சிலையாகப் படுத்திருக்கிறாள். ஞாயிறு காலைகளில் மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி ஆட்கள் பழைய கற்பாதையால் வெறுங்காலுடன் ஏறுவார்கள். வேதக்காரரும் ஏறுவார்கள், சைவக்காரரும் ஏறுவார்கள். பெரிய காரியத்துக்கு நேர்த்தி வைத்தவர்கள் ஒன்பது ஞாயிறு வாய்கட்டி ஏறவேண்டும். பாதையின் முதற்கல்லில் மூடிய வாயைக் குகையின் பீடத்தைத் தொட்ட பிறகுதான் திறக்கலாம். இடையில் ஒரு சொல் வந்தாலும், ஒரு ஞாயிறு தவறினாலும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். வலது மணிக்கட்டில் லேஞ்சி, வெள்ளைக் கைக்குட்டை, கட்டியிருந்தால் வாய்கட்டியவர் என்று அர்த்தம். அவருக்கு ஒருவரும் கதை கொடுக்கமாட்டார்கள்.

இந்தச் சட்டங்களை யார் வைத்தது என்று தெரியாது. கிறிகோரி அண்ணைதான் வைத்தார் என்று சிலர் சொல்வார்கள். அவர் பலெர்மோவுக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர். ஒரு பெரிய கட்டடத்தின் வாசற்காவலர். நன்றாக இத்தாலியன் கதைப்பார். ஞாயிறு ஏற்றத்தை ஒழுங்குபடுத்துவதும் அவர்தான்.

அகஸ்ரீனாவின் காரியம் அவளுடைய மகள். யூலியானாவை மன்னாரில் கணவன் ஏர்னஸ்றின் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தபோது பிள்ளைக்கு எட்டு வயது. இப்போது பதினாலு. பதினாலு வயதுப் பிள்ளையை, சண்டை நடக்கும் அந்த ஊரில், ஒரு வீட்டுக்குள் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பிள்ளையைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் இருந்தது. ஒன்பதாவது ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து முடிவைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். அவள் நாளைப் பார்த்து எண்ணித்தான் முதல் ஞாயிற்றை வைத்தாள்.

எட்டாவது ஞாயிறு அது வந்தது.

பாதையின் இடதுபக்கம் பைன் மரங்கள். அங்கேயிருந்து இறங்கிப் பாதையின் நடுவில் நின்றது. அவளுக்கும் அதற்கும் பத்து அடி இருக்கும். கறுப்பு. தோள் அவளுடைய இடுப்பளவு. சின்னக் காதுகள். வால் நீளமாக இறங்கி நுனியில் மேலே வளைந்திருந்தது. முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. வேண்டாத பஸ் வந்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி. பிறகு வலதுபக்கக் கல்மதிலில் ஏறியது. பாயவில்லை. எண்ணெய் ஊற்றினால் வழியுமே, அதுபோல மதிலில் மேல்நோக்கி வழிந்து மறுபக்கம் போய்விட்டது.

தொண்டையில் ஒரு சத்தம் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். அந்த நேரத்தில் அவள் யோசித்தது மிருகத்தைப் பற்றி அல்ல. எட்டு, என்று யோசித்தாள். இன்னும் ஒன்று.

அப்போதுதான் பின்னால் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. மேல்வீட்டு அமலினியின் மகள். ஐந்து வயது. இங்கே பிறந்ததால் றொசாலியா என்றே பெயர் வைத்திருந்தார்கள். தாயை விட்டுவிட்டு முடக்கை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். அகஸ்ரீனா திரும்பி இரண்டு கைகளையும் விரித்தாள். பிள்ளை அவள் வயிற்றில் வந்து மோதியது.

அமலினி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா? தலை சுத்துதோ?"

அகஸ்ரீனா மதிலைக் காட்டினாள். அமலினி பார்த்தாள். மதில், மதிலுக்கு அப்பால் பற்றை, பற்றையில் சிக்கிய பிளாஸ்ரிக் பைகள்.

அகஸ்ரீனா விரல்களை நகம்போல வளைத்துக் காட்டினாள். பல்லைக் காட்டினாள். கையால் உயரம் காட்டினாள்.

அமலினி சிரித்துவிட்டாள். "நேர்த்தியில நிண்டுகொண்டு பிள்ளைக்குப் பேய் விளையாட்டுக் காட்டுறியளோ?"

றொசாலியாவும் விரல்களை வளைத்து உறுமினாள். பிறகு தாயைக் கேட்டாள். "மம்மா, பெர்கே? அன்ரி ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அன்ரிக்கு லேஞ்சி கட்டியிருக்கு. அவவை மறிக்கக்கூடாது. நட."

அவர்கள் நடந்தார்கள். அகஸ்ரீனா மதில் பக்கமாக, பிள்ளைக்கும் மதிலுக்கும் நடுவில் நடந்தாள். மேலே போகும் வரை கால் கல்லில் பட்டதே தெரியவில்லை. குகைக்குள் போனாள். பீடத்தைத் தொட்டாள். முதலில் யூலியானாவுக்காகக் கேட்டாள். வழக்கம்போல முழுதாகக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து சொன்னாள்.

வெளியே கிறிகோரி அண்ணை போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாற வழியில ஒரு மிருகத்தைக் கண்டனான் அண்ணை. கறுப்பு. பெரிசு. சிறுத்தை மாதிரி."

"நல்லவேளை புலி எண்டு சொல்லேல்லை," என்றார் கிறிகோரி அண்ணை. "சொல்லியிருந்தால் எங்கள் எல்லாரையும் விசாரிப்பினம்."

எல்லாரும் சிரித்தார்கள். அமலினி சிரிக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணியைக் கல்லில் வைத்தாள்.

"எந்த இடத்திலை?"

"மூண்டாவது முடக்கு."

"நாங்கள் வரேக்கையோ?"

"அதுக்குக் கொஞ்சம் முந்தி. அதுதான் கையைக் காட்டி மறிச்சனான்."

"கையைக் காட்டினியள்," என்றாள் அமலினி. "என்ர பிள்ளை ஓடி வருது. நீங்கள் கையைக் காட்டினியள்."

"வாய்கட்டி..."

"வாய் இருந்ததுதானே அக்கா."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் போனாள்.

*

கிறிகோரி அண்ணை அன்றைக்கே தன் கட்டடத்தில் இருக்கும் வக்கீலுக்குக் கதையைச் சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். வக்கீல் சிரிக்கவில்லை. மலைப் பக்கம் ஒரு கறுப்புச் சிறுத்தை திரிகிறதாகப் போன கிழமையே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்களாம். இரண்டு பேரும் காரில் போனவர்கள், தூரத்தில் பார்த்தவர்கள். யாரோ பெரிய கை தன் தோட்ட வீட்டில் கூட்டில் வைத்து வளர்த்ததாம். ஆள் சிறைக்குப் போக, தீன் போட ஆளில்லாமல் யாரோ கூட்டைத் திறந்துவிட்டார்களாம். இது வக்கீலின் மனைவி சொன்னது.

செவ்வாய்க்கிழமை வனக்காவலர் வந்து பாதையின் அடியில் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். மறு அறிவித்தல் வரை மூடப்பட்டுள்ளது.

அகஸ்ரீனா வேலை முடிந்து வரும் வழியில் பஸ்ஸை மாறி ஏறி, அந்த நாடாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஏர்னஸ்ற் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவுகிறவன். மத்தியானத்துக்கும் மாலைக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் வீட்டுக்கு வருவான்.

"எங்கட முதலாளியும் கண்டிட்டாராம்," என்றான். "கணவாய் மையிலை செய்யிற பாஸ்தாவுக்குப் பந்தேரா, சிறுத்தை எண்டு பேரும் வைச்சிட்டார். நேற்று முப்பது கோப்பை போச்சு."

"பகிடி விடாதேங்கோ. நான் கண்டது என்ன எண்டு நினைக்கிறியள்?"

"நீர் கண்டது எனக்கெப்பிடித் தெரியும்?"

"நாயோ?"

"நாயெண்டு நினைச்சால் நாய்."

"அப்பிடி நினைக்கலாமோ?"

ஏர்னஸ்ற் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தான். "ஞாயிற்றுக்கிழமை பாதை திறக்காட்டி நேர்த்தி என்னாகும்?"

"ஒண்டிலையிருந்து."

"செவ்வாய்க்கிழமை?"

அவள் அவனுடைய செருப்பை நேராக்கி வைத்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நித்திரை கொள்ளவில்லை என்று அவன் முதுகில் தெரிந்தது.

*

அமலினியின் வீடு அவர்களுக்கு நேர் மேலே. அமலினி விடியவே வேலைக்குப் போகிறவள். அதனால் றொசாலியாவைப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அகஸ்ரீனா. இரண்டு வருடமாக அப்படித்தான். திங்கட்கிழமை பிள்ளை இறங்கி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காலையில் மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வேறு யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை பல்லரோ சந்தையில் கத்தரிக்காய்க்காரனுக்கு முன்னால் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அகஸ்ரீனா ஒதுங்கப் பார்த்தாள். அமலினி விடவில்லை.

"அக்கா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். அது நாயோ, சிறுத்தையோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"நாயெண்டால் சரி. நாய்க்கு ஆர் கத்துறது? நானும் கத்தியிருக்கமாட்டன். சிறுத்தை எண்டால், உங்கட பிள்ளைக்காக என்ர பிள்ளையை விட்டனீங்கள். அதுக்குப் பிறகு உங்களோடை எனக்குக் கதை இல்லை."

கத்தரிக்காய்க்காரன் விலையைக் கூவிக்கொண்டிருந்தான். அகஸ்ரீனா ஒரு கத்தரிக்காயை எடுத்து, திரும்ப வைத்தாள்.

"தெரியேல்லை அமலினி."

"ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்சுதுதானே."

"ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்சுது."

"அப்ப?"

"இப்பத் தெரியேல்லை."

அமலினி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

யோசிக்க யோசிக்கத்தான் அது கலைந்தது. வியாழக்கிழமை, அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி, சின்யோரா, தன் புத்தக அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கறுப்புச் சிறுத்தையின் படத்தைக் காட்டினாள். காது சரி. வாலும் சரி. இதுதான், இதுவேதான் என்று அகஸ்ரீனா தலையாட்டினாள். சின்யோரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு மணித்தியாலம் கழித்துக் குப்பையைக் கொண்டு இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரரின் கறுப்பு நாய் படிக்கட்டில் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டி போல நாய். பின்னாலிருந்து பார்க்க அந்தத் தோளும் அந்த நடையும் அப்படியே இருந்தன. இதுதான் என்று நினைத்தாள். நாய் திரும்பிப் பார்த்தது. முகம் வேறு.

ஆனால் அதற்குப் பிறகு, மலையில் கண்ட முகத்தை நினைத்தால் நாயின் முகம் வந்தது. அதைத் தள்ளினால் புத்தகத்தின் முகம் வந்தது. தான் கண்ட முகம் எங்கேயோ போய்விட்டது.

அன்று மத்தியானம் அவுஸ்திரேலியாவிலிருந்து தம்பி றொஜர் ரெலிபோன் எடுத்தான். மெல்பேணுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அவனுக்கு இரவு. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து யூலியானாவின் அலுவலைக் கேட்பான். அவள் கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"இஞ்சையும் இருக்கு அக்கா."

"என்ன இருக்கு?"

"கறுப்புச் சிறுத்தை. காட்டுப்பக்கம் தோட்டம் வைச்சிருக்கிறவை எல்லாரும் கண்டிருக்கினம். செம்மறியைக் கிழிச்சுப் போட்டுக் கிடக்குமாம். என்னோடை வேலை செய்யிற கிழவன் ஒருத்தன் மூண்டுதரம் கண்டவன். குடிக்காதவன். பொய் சொல்லாதவன்."

"பிடிச்சவையோ?"

"எங்கை பிடிச்சது! நூறு வருசமாத் தேடினமாம். ஒரு எலும்பு இல்லை, ஒரு தோல் இல்லை. ஒருக்கா ஒண்டைச் சுட்டுப்போட்டுக் கிட்டப் போய்ப் பாத்தால் வீட்டுப் பூனை. கொஞ்சம் பெரிய வீட்டுப் பூனை."

"அப்ப அந்தக் கிழவன் கண்டது?"

"அதைத்தான் நானும் கேட்டனான். இந்த நாட்டிலை அப்பிடி ஒரு மிருகம் இல்லை, எனக்கும் தெரியும், ஆனால் நான் கண்டனான் எண்டு சொல்லுறான்."

"இரண்டும் எப்பிடி றொஜர்?"

"எனக்கென்ன தெரியும்? அவன் அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போய்த் தன்ரை அலுவலைப் பாக்கிறான்."

அகஸ்ரீனா ரெலிபோனை வைத்தாள். அந்தக் கிழவனின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவனை யாரும் நாடா கட்டிக்கொண்டு கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை வனக்காவல் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள். சீருடை போட்டவர்களைக் கண்டால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். கிறிகோரி அண்ணை மொழிபெயர்க்கக் கூட வந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரி நல்ல மனிதன். அவளை இருக்கச் சொன்னார். மேசையில் படங்களைப் பரப்பினார். நாய், காட்டுப்பன்றி, பூனை, சிறுத்தை. வால் எப்படி, காது எப்படி, நடந்ததா ஓடியதா என்று கேட்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

கிறிகோரி அண்ணை அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, வடிவாய்க் கேள். கிட்ட நிண்டு கண்டது நீ ஒராள்தான். மற்றவை காரிலை போனவை. நீ சிறுத்தை எண்டால் ஒரு மாசத்துக்குப் பாதை பூட்டு. கூடு வைப்பினமாம், மேலையிருந்து ஆக்கள் வருவினமாம். நாயெண்டால் நாளைக்கே நாய் பிடிக்கிறவையை விட்டுப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியத் திறந்து விடுவினம்."

"இந்த ஐயா என்ன நினைக்கிறார்?"

"அவருக்கு நாயெண்டால் வசதி. அந்த மலையிலை தெருநாய் நிறைய இருக்காம்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள் அண்ணை?"

"நான் நினைச்சு என்ன?" அவர் குரலைத் தாழ்த்தினார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்துவிட்டார் போல. "ஒன்பதாவது ஞாயிறு உனக்கு. செவ்வாய்க்கிழமையும் உனக்கு. பாதை பூட்டினால் முப்பது சனத்தின்ரை நேர்த்தி குழம்பும், அது வேறை. ஒரு சொல்லுத்தான். நான் ஒண்டும் சொல்லேல்லை, நீ யோசி."

அவள் படங்களைப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நாய்தான் நல்லது. யூலியானாவுக்கு நாய் நல்லது. அமலினிக்கு நாய் நல்லது. கிறிகோரி அண்ணைக்கும் இந்த அதிகாரிக்கும் நாய் நல்லது. எல்லாருக்கும் நல்லதாக இருக்கிற ஒன்று எப்படிப் பொய்யாக இருக்கும்? அவள் அந்த மதிலை நினைத்துப் பார்த்தாள். வழிந்து ஏறியது. நாய் அப்படி ஏறுமா? ஏறலாம். சில நாய்கள் ஏறும். உண்மையில் ஏறியதைப் பார்த்தாளா? ஏறியபிறகுதான் பார்த்தாளோ?

கிறிகோரி அண்ணை சொல்வதற்கு முன் அவளே இத்தாலியனில் சொன்னாள்.

"கானே." நாய்.

அதிகாரி எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். சிறுத்தையின் படத்தை அவர் மற்றப் படங்களோடு சேர்த்துத் தட்டி நேராக்கி உறைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து உடனே மேல்மாடி ஏறினாள். அமலினி கதவைத் திறந்தாள்.

"நாய்," என்றாள் அகஸ்ரீனா.

"உண்மையாவோ?"

"கையெழுத்தும் போட்டிட்டு வாறன்."

அமலினி அவளைக் கட்டிப்பிடித்தாள். "நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன் அக்கா. மனசிலை வைக்காதேங்கோ. பிள்ளையெண்டதும் எனக்கு விசர் வந்திட்டுது." உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "றொசாலியா, அன்ரி வந்திருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போறம்."

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டோ?"

"பின்னை?"

"வெய்யிலாக் கிடக்குது. பிள்ளையை விட்டிட்டு வாவன்."

"விடியக்காலமை என்ன வெய்யில்? அவவின்ரை பேருக்காரியைப் பாக்காமல் இருப்பாவோ?"

சனிக்கிழமை மாலை கிறிகோரி அண்ணை வந்து சொன்னார். நாய் பிடிக்கிறவர்கள் மலையில் இரண்டு நாய்களைப் பிடித்தார்களாம். ஒன்று மண்ணிறம். ஒன்று வெள்ளை.

"கறுப்பு இல்லையோ அண்ணை?"

"கறுப்பு ஓடியிருக்கும்," என்றார் அவர்.

*

ஞாயிறு காலை நாடா இல்லை. இரண்டு துண்டு மட்டும் வேலிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். போன கிழமை வராதவர்களும் வந்திருந்தார்கள், இடத்தைப் பார்க்க. அமலினிதான் அகஸ்ரீனாவுக்கு லேஞ்சியைக் கட்டிவிட்டாள். இறுக்கமாகக் கட்டினாள்.

முதற்கல்லில் அகஸ்ரீனா வாயை மூடினாள்.

முதல் முடக்கு வரை ஒன்றுமில்லை. கிறிகோரி அண்ணை பின்னால் பாட்டு எடுத்துக் கொடுத்தார். சனம் பாடியது. இரண்டாவது முடக்கில் ஏற்றம் கூட, பாட்டு விட்டுப்போயிற்று. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. றொசாலியா ஒவ்வொரு கல்லாகத் தாவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அமலினி யாருடனோ கதைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பிள்ளைக்கும் அகஸ்ரீனாவுக்கும் இடையில் ஐந்து அடி. பிறகு பத்து அடி. பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது, விரல்களை வளைத்து உறுமிக் காட்டிவிட்டு மூன்றாவது முடக்கை நோக்கி ஓடத் தொடங்கியது.

அகஸ்ரீனா எட்டி நடந்தாள். காலில் கல் வெட்டியது. பிள்ளை வேகமாக ஓடியது.

மதிலுக்கு மேலே பற்றையில் ஏதோ அசைந்தது. காற்றாக இருக்கலாம். காற்று இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

"றொசாலியா! நில்லடி! நில்!"

பிள்ளை நின்றது. எல்லாரும் நின்றார்கள்.

அவள் ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பற்றை அசையவில்லை. ஒன்றும் வரவில்லை. கீழேயிருந்து கிறிகோரி அண்ணையின் குரல் வந்தது. "தங்கச்சி, வாய்! வாய்!"

"போச்சு அண்ணை," என்று அவள் திரும்பாமலே கத்தினாள். "எல்லாம் போச்சு. சத்தம் போடுங்கோ. எல்லாரும் சத்தம் போடுங்கோ."

யாரும் சத்தம் போடவில்லை. அவளே போட்டாள். செபமாலையைத் தொடங்கினாள், உரக்க, சந்தையில் விலை கூவுவதுபோல. முதல் மணியின் செபம் முடியுமுன் அடுத்ததை மறந்துவிட்டாள். புனிதர்களின் பெயர்களைச் சொன்னாள். அதுவும் முடிய, சின்யோரா காலையில் சொல்கிற வேலைகளை இத்தாலியனில் ஒவ்வொன்றாகக் கத்தினாள். குளியலறை, யன்னல், வீட்டுக்காரரின் சேட்டு. றொசாலியா முதலில் பயந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு தானும் சேர்ந்து கத்தினாள்.

அமலினி வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நாயெண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"நாய்க்கு ஏன் இப்பிடிக் கத்துறியள்?"

அகஸ்ரீனாவுக்கு மூச்சு வாங்கியது.

"தெரியேல்லை எண்டு முதலே சொன்னனான். நீதான் யோசிச்சுச் சொல்லச் சொன்னனீ."

"அப்ப கையெழுத்து?"

"அதுவும் போட்டனான்."

அமலினி பிள்ளையின் கையை அவளிடமிருந்து விடுவித்தாள். முரட்டுத்தனமாக அல்ல. ஒவ்வொரு விரலாக. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏறி வருகிற ஆட்களை விலக்கி விலக்கி இறங்கினாள். பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் கையை ஆட்டியது. அவர்களோடு இன்னும் இரண்டு குடும்பம் திரும்பியது. மற்றவர்கள் நின்று யோசித்தார்கள். பிறகு கிறிகோரி அண்ணை அகஸ்ரீனாவின் பக்கத்தில் வந்து நிற்க, அவருக்குப் பின்னால் நெருக்கமாக ஏறினார்கள். மூன்றாவது முடக்கில் எல்லாரும் கதைத்தார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் உரக்க.

குகையில் பீடத்தைத் தொட்டாள். கேட்கலாமோ கூடாதோ என்று தெரியவில்லை. கேட்டாள். முழுதாகக் கேட்கவில்லை. பெயரை மட்டும் சொன்னாள். யூலியானா.

வெளியே வந்தபோது கிறிகோரி அண்ணை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தமுறை ஒருவரும் பகிடி விடவில்லை. அவளுக்கு ஒரு கோப்பை நீட்டினார்.

"அடுத்த ஞாயிறு ஒண்டிலையிருந்து தொடங்கு தங்கச்சி. செவ்வாய்க்கிழமை நடக்கிறது நடக்கட்டும்."

"அடுத்த ஞாயிறு பாதை பூட்டியிருக்கும் அண்ணை."

"ஏன்?"

"நாளைக்கு அந்த ஐயாவிட்டைப் போகவேணும். நீங்களும் வாங்கோ."

அவர் போத்தலை மூடினார். "நாயில்லை, சிறுத்தை எண்டு சொல்லவோ?"

"இல்லை. நாயெண்டு எனக்குத் தெரியாது எண்டு."

"விசரே உனக்கு? கையெழுத்துப் போட்டிட்டு, இப்ப தெரியாது எண்டு சொல்லப் போறியோ? உன்னைப் பற்றி என்ன நினைப்பினம்? மற்றநாள் குவெஸ்தூராவுக்கு வேறை போறாய்."

"அதுதான் நாளைக்கே போவம் எண்டுறன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எனக்குத் துணிவு வராது."

கிறிகோரி அண்ணை போத்தல் மூடியைத் திரும்பவும் முறுக்கினார். குகைக்குள்ளிருந்து சனம் ஒவ்வொருவராக வெளியே வந்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியது.

"சரி," என்றார் கடைசியில். "திரும்ப வாலைப் பற்றிக் கேப்பார். என்ன சொல்லுவாய்?"

"வால் நீளம். அது தெரியும்."

"எவ்வளவு நீளம்?"

அவள் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பார்த்தாள். கொஞ்சம் குறைத்தாள். பிறகு திரும்பவும் விரித்தாள்.